மண் இளகும் மட்டும்

பிலோமினம்மா வீட்டில் அடுப்பு எரிந்து முப்பத்து நான்கு நாளாகிவிட்டது. வெளியே குளிர் பூச்சியத்துக்குக் கீழே இருபத்தொன்பது; காற்றையும் சேர்த்தால் நாற்பத்தொன்று என்று வானொலி சொன்னது. இப்படியொரு மாசி மாதத்தில், மொன்றியல் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு வீடு அடுப்பு மூட்டாமல் கிடக்கிறதென்றால், கரண்ட் இல்லை என்றோ அடுப்புப் பழுது என்றோதான் யாரும் நினைப்பார்கள். இரண்டும் இல்லை. கரண்ட் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. நான்கு சுருள்கம்பி வைத்த வெள்ளை மின்னடுப்பு, வாங்கிப் பதினொரு வருடம் ஆகியும் ஒரு குறை சொல்ல முடியாது. பிலோமினம்மா அதைத் தொட விடவில்லை, அவ்வளவுதான்.

அவளுடைய புருசன் அருமைராசா தை மாதம் ஒன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை காலை இறந்துபோனார். செத்த வீட்டில் அடக்கம் முடிந்து, குழிக்குள் ஒரு பிடி மண் போட்டுவிட்டு வரும் மட்டும் அடுப்பு மூட்டுவதில்லை. அக்கம்பக்கத்தார் சமைத்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். கடற்கரை ஊரான பாசையூரில் பிறந்த நாள் தொட்டு அவள் கண்ட வழமை அது. அங்கே இன்றைக்குச் செத்தால் நாளைக்கு அடக்கம். மிஞ்சிப்போனால், வெளிநாட்டிலிருந்து பிள்ளை வந்துசேரும் மட்டும் மூன்று நாள். மொன்றியலில் அருமைராசாவுக்கு அடக்கம் ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை என்று சொல்லியிருந்தார்கள்.

இதற்கு அருமைராசாவைத்தான் கோபிக்க வேண்டும். எட்டு வருடத்துக்கு முன், ஒரு ஆடி மாதம், பங்குச் சனத்தோடு பஸ்ஸில் யாத்திரை போய்த் திரும்பும் வழியில் ஆற்றங்கரையோரம் ஒரு சின்னச் சேமக்காலையை, கல்லறைத் தோட்டத்தை, கண்டார். மேப்பிள் மரங்கள், தண்ணீர், நல்ல காற்று. மனிதர் அங்கேயே மயங்கிவிட்டார். அவருடைய தகப்பன் கடலுக்குப் போய்த் திரும்பி வராதவர். உடலும் கிடைக்கவில்லை, மண் போடக் குழியும் இல்லை. அதனாலோ என்னவோ, தனக்கென்று ஆறடி மண் வேண்டும் என்பதில் அருமைராசா ஒற்றைக்காலில் நின்றார். அடுத்த மாதமே போய்த் தனக்கு ஒரு குழிக்கு எழுதிக்கொடுத்துவிட்டு வந்தார். எல்லாம் விசாரித்தார். சிலுவை எவ்வளவு உயரம் வைக்கலாம், பெயரைத் தமிழில் வெட்டலாமா, பக்கத்துக் குழியை மனைவிக்கு ஒதுக்குவீர்களா என்று ஒன்று விடாமல் கேட்டார். மாரிக் குளிரில் குழி வெட்டுவீர்களா என்று மட்டும் கேட்கவில்லை. மண் என்றால் வெட்டலாம்தானே, அதை ஒரு பாசையூர்க்காரன் ஏன் கேட்கப் போகிறான்?

நகரத்துப் பெரிய சேமக்காலைகளில் உறைந்த மண்ணையும் இயந்திரம் வைத்து மாசியிலும் வெட்டுகிறார்கள். ஆற்றங்கரைக்காரர் கார்த்திகையில் மண்வெட்டியை உள்ளே வைத்தால் சித்திரையில்தான் வெளியே எடுக்கிறார்கள். இடையில் சாகிறவர்களின் பெட்டிகளை வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் கல்லுக் கட்டடத்துக்குள் வரிசையாக அடுக்கி, மண் இளகும் மட்டும் பூட்டி வைத்துவிடுவார்கள்.

மரணப் பூசை நடந்தது. எல்லோரும் அழுதார்கள், கோயில் மண்டபத்தில் இருந்து சாப்பிட்டார்கள், செத்த வீடு முடிந்தது என்று சப்பாத்தை மாட்டிக்கொண்டு போனார்கள். பிலோமினம்மா மட்டும் வாசலில் நின்று, பெட்டி ஏற்றிய வாகனம் மூலை திரும்பும் மட்டும் பார்த்தாள். "இன்னும் அடக்கம் முடியேல்லை" என்றாள். வீட்டுக்கு வந்து அடுப்பின் மேல் ஒரு வெள்ளைத் துணியை விரித்தாள்.

மகள் கத்தரின் முதலில் இதைப் பெரிதாக எடுக்கவில்லை. நாற்பத்தொரு வயது, கலியாணம் சரிவராமல் விட்டது, தாய் தகப்பனோடுதான் இருந்தாள். நாலு நாள் போனால் அம்மாவே துணியை எடுத்துவிடுவாள் என்று நினைத்தாள். நாலு பத்தாகிப் பத்து இருபதானபோது அடுப்படியில் நின்று வாதாடிப் பார்த்தாள்.

"அம்மா, இதில நெருப்பே இல்லை. வெறும் கம்பி. கரண்டில சூடாகுது."

"சிவக்குதோ இல்லையோ?"

"சிவக்குதுதான்."

"அப்ப நெருப்புத்தான்."

மைக்ரோவேவ் சிவக்காது. ஆகவே அதற்கு அனுமதி கிடைத்தது. ஆனால் அதிலும் கத்தரின் தன்னுடைய சாப்பாட்டை மட்டுமே சூடாக்கலாம். பிலோமினம்மா குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த சோற்றை எடுத்தபடியே சாப்பிட்டாள். தேத்தண்ணி கிடையாது, குழாய்த் தண்ணீர்தான். ஆறின சோறு தின்ன வேண்டும் என்று எந்த வழமையிலும் இல்லையே என்று கத்தரின் கேட்டால், தாய் எழும்பிப் போய்விடுவாள்.

ஒரு நாள் பங்குச் சுவாமியைக் கூட்டிவந்து பார்த்தாள். சுவாமி மன்னார்ப் பக்கத்து இளம் மனிதர். மூச்சு வாங்க வெளிப்பக்க இரும்புப் படி ஏறி வந்து, கோட்டைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார்.

"அம்மா, திருச்சபைச் சட்டத்தில அடுப்பு மூட்டப்படாது எண்டு ஒண்டும் இல்லை."

"சட்டத்தில இல்லாட்டி என்ன சுவாமி, வழமையில இருக்கு."

"பூசை ஒப்புக்கொடுத்தாச்சு. ஆத்துமா ஆண்டவரிட்டப் போட்டுது."

"ஆத்துமா போட்டுது சுவாமி. ஆள் இன்னும் வழியிலதானே நிக்குது."

சுவாமி கதிரையை விட்டு எழுந்தார். செபம் சொல்லி ஆசீர்வதித்தார். ஒரு வாய் தேத்தண்ணி கிடைக்கும் என்று நினைத்திருப்பார் பாவம், அதுவும் இல்லாமல் படி இறங்கினார்.

சனத்தையும் குறை சொல்ல முடியாது. முதல் இரண்டு கிழமை சாப்பாடு குவிந்தது. புட்டு, இடியப்பம், சொதி, கத்தரிக்காய்க் குழம்பு என்று பத்துப் பன்னிரண்டு வீட்டுச் சட்டிகள் வந்தன. உள்ளே இடம் காணாமல் கத்தரின் பின்பக்க பல்கனியில் வைத்தாள். காலையில் பருப்பைக் கரண்டியால் தட்டிப் பார்த்தால் கல். மூன்றாம் கிழமை சட்டிகள் ஐந்தாயின. பிறகு குளிர் இறுகியது, பின்கதவு நிலையோடு உறைந்து திறக்க முடியாமல் போனது, பல்கனியில் இருந்த கடைசி இரண்டு சட்டியும் அங்கேயே கிடந்தன. செத்த வீட்டுக்குச் சோறு கொடு என்று வைத்தவர்கள் நான்கு மாதத்துக்கா வைத்தார்கள்? இப்போது ஒழுங்காக வருவது கீழ்வீட்டுப் புஷ்பவதி மட்டும்தான். அவளும் வியாழக்கிழமை காலை படியடியில் கத்தரினை மறித்து, மெதுவாகக் கதையைத் தொடங்கினாள்.

"பிள்ளை, குறை நினைக்காதை. எனக்கும் இப்ப முழங்கால் ஏலாது. உந்தப் படியில போன கிழமை சறுக்கி, அரும்பொட்டில தப்பினன்."

"இல்லை அன்ரி, நீங்கள் இவ்வளவு நாள் செய்ததே பெரிய காரியம்."

"எங்கட சைவச் சனத்துக்கு முப்பத்தொண்டோட எல்லாம் முடிஞ்சிடும். உங்களுக்கு அப்பிடி ஒண்டும் இல்லையோ?"

"முப்பத்தோராம் நாள் பூசையும் குடுத்தாச்சு அன்ரி. அம்மாவுக்கு மண் போடோணும்."

"மண் எங்க கிடக்கு இப்ப?" என்று புஷ்பவதி தெருவைப் பார்த்தாள். கார்களே தெரியாமல் வெள்ளையாகக் கிடந்தது. "கொம்மான்ர முகம் ஒட்டிப்போச்சு, கவனம்" என்றுவிட்டு உள்ளே போனாள்.

கத்தரின் ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை செய்தாள். மாரியில் வெளிக்கடைகள் எல்லாம் மூடி, உள் மண்டபத்தில்தான் வியாபாரம். லொறி வந்ததும் பெட்டி இறக்குவது அவளும் இன்னும் இரண்டு பெண்களும். அன்றைக்கு வெண்டிக்காய்ப் பெட்டியைப் பழைய கம்பளியால் மூடித்தான் தூக்கினார்கள். லொறிக்கும் கதவுக்கும் முப்பது அடி; மூடாமல் கொண்டுவந்தால் உள்ளே வைக்கும்போதே கறுத்துப்போகும். மூக்குமயிர் விறைத்து ஊசியாகக் குத்தியது. கையுறைக்கு மேல் கையுறை போட்டும் விரல் நுனி செத்துப்போய், உள்ளே வந்ததும் உயிர் வந்து கொதித்தது. மத்தியானம் பக்கத்துக் கடையில் சூப் வாங்கி, சுவரோரம் நின்று குடித்தாள். முதல் வாய் தொண்டையில் இறங்கும்போது சுகமாகவும் இருந்தது, திருடித் தின்பது மாதிரியும் இருந்தது. வீட்டில் தாய் அந்நேரம் தணுத்த புட்டைப் பிசைந்துகொண்டிருப்பாள்.

அந்த வீட்டில் அவளுக்கு மூச்சு முட்டியது. யன்னல்களுக்கெல்லாம் குளிருக்குப் பிளாஸ்டிக் ஒட்டியிருந்ததால் வெளி தெரியாது. பின்கதவு திறக்காது. தாய் துக்கவீட்டுக்காரி என்று யார் வீட்டுக்கும் போவதில்லை. போக நினைத்தாலும் அந்தப் படியில் இறங்க முடியாது. இருவரும் முன்னறையில் படத்துக்கு முன்னால் செபமாலை சொல்வார்கள், பிறகு பேசாமல் இருப்பார்கள். கத்தரினை அரித்தது அந்தப் பேசாமைதான். படியில் ஸ்நோ வெட்டுவது அவளுடைய வேலை. ஒன்பதாம் தேதி காலை அவள் நித்திரையாகக் கிடந்தாள், அறுபத்தொன்பது வயதுத் தகப்பன் ஸ்நோ அள்ளும் சவளைத் தூக்கிக்கொண்டு போனார். ஏழாவது படியில் விழுந்து கிடந்தவரைக் கண்டது கீழ்வீட்டுப் புஷ்பவதி. அம்மா ஆறின சோறு தின்பது தன்மேல் உள்ள கோபத்தில்தான் என்று கத்தரின் நம்பினாள். கேட்கப் பயம். கேட்டால் ஓம் என்று சொல்லிவிடுவாள்.

அன்றைக்கு வேலை முடிந்து நான்கு மணிபோல் வந்தபோது பிலோமினம்மா குசினியில் அடுப்படி நிலத்தில் சரிந்து கிடந்தாள். முகம் வேர்த்திருந்தது, கண் சொருகியிருந்தது. சீனி வருத்தக்காரி, குளிசையை நேரத்துக்கு விழுங்கிவிட்டு இரண்டு பிஸ்கட்டோடு நிறுத்தியிருக்கிறாள். கத்தரின் சீனித் தண்ணியைப் பருக்கி, மடியில் தலையை வைத்துத் தேய்த்து, அம்புலன்சைக் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியில் மூன்று மணி நேரம் வைத்திருந்து வீட்டுக்கு விட்டார்கள். நேர்ஸ் கத்தரினைத் தனியாகக் கூப்பிட்டு, இந்தக் குளிரில் இந்த வயதில் மூன்று நேரமும் சூடாக, ஒழுங்காகச் சாப்பிட வேண்டும், அடுத்த தடவை வீட்டில் ஆள் இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள்.

சனிக்கிழமை பின்னேரம் தம்பி ஜெனாட் வந்தான். புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் மேற்பார்வை வேலை, வீடும் அங்கேதான். மேலே ஏறாமல் கீழே வான் வண்டியை நிறுத்தி, கத்தரினை இறங்கி வரச் சொன்னான். வானுக்குள் ஹீட்டர் இரைந்தது. இருவருடைய மூச்சிலும் கண்ணாடி புகைந்து தெரு மறைந்துபோனது. மடியில் ஒரு கடதாசி வைத்திருந்தான்.

"அக்கா, இதைப் பார். கோபிக்காமல் பார்."

பிரெஞ்சில் இருந்தது. மூன்றாவது வரியிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

"எரிக்கிறதோ?"

"கத்தாதை. சேமக்காலைக்காரரோட கதைச்சனான். பெட்டியை எடுத்து எரிச்சு, சாம்பலை உள்மண்டபத்தில ஒரு மாடத்துக்குள்ள வைக்கலாமாம். அதுக்கு மண் வெட்டத் தேவையில்லை. நாங்கள் ரெண்டு பேரும் சம்மதமெண்டால் வாற கிழமையே முடிஞ்சிடும். சுவாமியும் அது பிழையில்லை எண்டு சொன்னவர்."

"அப்பா மண் மண் எண்டு நிண்ட மனுசன், தம்பி."

"தெரியும். எனக்குத் தெரியாதே? என்னையும் கூட்டிக்கொண்டு போய்த்தானே அந்த இடத்தைக் காட்டினவர்." ஜெனாட் ஸ்டியரிங்கில் கையால் அடித்தான். "அப்பா செத்துப்போட்டார் அக்கா. அம்மா உயிரோட இருக்கிறா. வியாழக்கிழமை நீ அரை மணித்தியாலம் பிந்தி வந்திருந்தால்? ரெண்டு பேரையும் அந்தக் கல்லு வீட்டுக்குள்ளயோ வைக்கிறது?"

"உன்னட்ட வந்து இருக்கச் சொல்லிக் கேட்டுப் பாத்தியோ?"

"எத்தினை தரம். துக்கவீட்டைப் பூட்டிப்போட்டு வரேலாதாம். நீ சொல்லு, வேற என்ன வழி? ஏப்ரல் மட்டும் தாங்குவாவோ?"

கத்தரினுக்கு வழி தெரியவில்லை. தகப்பனுக்குச் செய்யும் துரோகம் என்று தெரிந்தது, தாய் தரையில் கிடந்த கோலமும் கண்ணுக்குள் நின்றது. உண்மையைச் சொன்னால் களைத்தும் போயிருந்தாள். இது எப்படியாவது முடிந்தால் போதும் என்றிருந்தது. ஜெனாட் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தான். அவன் பெயருக்குக் கீழே அவளும் போட்டாள்.

ஞாயிறு மத்தியானம் இருவருமாக மேலே போனார்கள். பிலோமினம்மா முன்னறைக் கதிரையில், இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் சால்வையைப் போர்த்திக்கொண்டு இருந்தாள். ஒரு மாதத்தில் உடம்பு பாதியாகிவிட்டது. ஜெனாட் கால்மாட்டில் நிலத்தில் இருந்து, கடதாசியைப் பிரித்து வைத்துக்கொண்டு, வானுக்குள் சொன்னதையெல்லாம் பதமாகச் சொன்னான். அவள் இடையில் மறிக்கவில்லை. முடிந்ததும் கடதாசியை வாங்கி, எட்டப் பிடித்து, கையெழுத்துகளைப் பார்த்தாள்.

"இது உன்ர. மற்றது ஆரின்ர?"

கத்தரின், "என்ரதான் அம்மா" என்றாள்.

"நீயுமோ?"

"நீங்கள் விழுந்து கிடந்ததை நான் கண்டனான் அம்மா. எனக்கு வேற வழி தெரியேல்லை."

"குசினியில நெருப்பு வேண்டாம் எண்டு சொன்னனான். அதுக்கு அந்த மனுசனுக்கு நெருப்பு வைக்கப் போறியளோ?"

"அம்மா..."

"தகப்பனுக்குக் குழி இல்லையெண்டு ஆயுள் முழுக்க அழுத மனுசன். கலியாணம் கட்டின புதுசில கடற்கரைக்குப் போனால், கால்மாட்டு மண்ணை அள்ளித் தண்ணிக்குள்ள போட்டுப்போட்டு வருவார். ஏனெண்டு கேட்டால், அப்புவுக்கு எண்டுவார். அவரை எரிச்சு ஒரு பெட்டிக்குள்ள போட்டு அலுமாரியில வைக்கப் போறியளோ?"

"அப்ப நீங்கள் சாப்பிடுங்கோவன்!" ஜெனாட் கத்திவிட்டான். தாய்க்கு முன்னால் அவன் குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அழுகை வந்து குரலை உடைத்தது. "நீங்கள் அடுப்பை மூட்டி மனுசர் மாதிரிச் சாப்பிட்டால் ஏன் நாங்கள் உந்தக் கடதாசிக்குப் போறம்? நான் ஒவ்வொரு நாளும் வேலைக்குள்ள நிண்டு ரெலிபோனைப் பாத்துக்கொண்டிருக்கிறன் அம்மா. அக்காவின்ர பேர் வந்தால் நெஞ்சு விறைக்குது."

பிலோமினம்மா கடதாசியை மகனிடமே நீட்டினாள்.

"சாப்பிட்டால் விடுவியோ?"

"என்னம்மா?"

"நான் அடுப்பு மூட்டிச் சமைச்சு, சுடச்சுடச் சாப்பிட்டால், அவரை அப்பிடியே வைப்பியளோ? சித்திரையில மண்ணுக்குள்ள விடுவியளோ?"

ஜெனாட் அக்காவைப் பார்த்தான். பிறகு, "ஓம் அம்மா" என்றான்.

"ஏப்ரல் மட்டும் ஒவ்வொரு நாளும் சமைக்கிறன். முதல் அதைக் கிழி."

அவன் கிழித்தான். கத்தரினுக்கு வெட்கமாக இருந்தது. இவ்வளவு நாளும் கெஞ்சி, சுவாமியை வைத்துப் பேசி நடக்காத காரியம் கடைசியில் இப்படி நடந்தது. செத்த புருசனைப் பிணை வைத்துப் பெற்ற தாயைச் சாப்பிடப் பண்ணியிருக்கிறோம் என்று நினைத்தாள். வேண்டாம் அம்மா, விடுங்கோ என்று சொல்ல வாய் வந்தது, ஆனால் சொல்லவில்லை. சொன்னால் தாய் மறுபடியும் தணுத்த சோற்றுக்குப் போய்விடுவாள்.

பிலோமினம்மா சுவரைப் பிடித்து எழும்பிக் குசினிக்குப் போனாள். அடுப்பு மேலிருந்த துணியை எடுத்து நாலாக மடித்தாள். கத்தரின் உதவிக்குப் போனபோது கையால் தள்ளிவிட்டாள். அரிசியைக் களைந்தாள், பருப்பைக் கழுவினாள், வெங்காயத்தை உரித்தாள். வெட்டு ஒரே அளவாக விழுந்தது. குமிழைத் திருகிவிட்டு, கம்பி சிவக்கும் மட்டும் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாள்பட்ட தூசி கருகி மணத்தது. பிறகு சோறு கொதித்தது, யன்னல் பிளாஸ்டிக்கில் ஆவி படிந்து வழிந்தது. எண்ணெயில் கடுகு வெடித்துச் செத்தல் மிளகாய் கறுக, மூன்று பேரும் இருமினார்கள். கத்தரினுக்கு வாய் ஊறியது. அதற்காகவும் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

குசினி மேசையில் மூன்று சாப்பாட்டுக் கோப்பை வைத்துச் சோறும் பருப்பும் போட்டாள். ஒரு முட்டைப் பொரியலை மூன்றாகப் பிரித்தாள். சிலுவை போட்டுவிட்டு எல்லோரும் இருந்தார்கள். பிள்ளைகள் இரண்டு பேரும் தொடாமல் தாயின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிலோமினம்மா சோற்றைப் பிசைந்து, ஒரு வாய் எடுத்து, பாதி வழியில் நிறுத்தினாள். விரலிடையில் ஆவி பறந்தது. கை கோப்பைக்கே திரும்பிப் போனது.

"கேத்தில் இதில கொதிச்சுக்கொண்டிருந்தது" என்றாள், அடுப்பைப் பார்த்தபடி.

"எப்ப அம்மா?" என்று ஜெனாட் கேட்டான்.

"அண்டைக்கு. கோட்டும் போட்டு, தொப்பியும் போட்டு நிண்டவர். ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போறன் பிலோமினா, கை விறைக்குது எண்டவர். நான் விடேல்லை. எட்டு மணிப் பூசைக்கு நேரமாகுது, முதல் படியை வெட்டிப்போட்டு வாங்கோ, வந்த உடன சுடச்சுடத் தாறன் எண்டனான்." அவள் மூக்கைச் சால்வையில் துடைத்தாள். "சரி எண்டுட்டுப் போனார். ஒரு சொல்லுத் திருப்பிச் சொல்லேல்லை."

பிலோமினம்மா விரலில் ஒட்டிய சோற்றை வழித்துக் கோப்பையில் போட்டாள்.

"அவர் சூடா ஒண்டும் குடிக்காமல் போனவர். பிறகு நான் என்னெண்டு சூடா வாயில வைக்கிறது?"

கத்தரின் தாயின் கையைப் பிடித்தாள். "அம்மா, படி வெட்டுறது என்ர வேலை. நான் நித்திரை கொண்டது. நீங்கள் என்னோட கோபம் எண்டு நினைச்சனான்."

"உன்னோட எனக்கென்ன கோபம்?" பிலோமினம்மா உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள். "உன்னை எழுப்பட்டோ எண்டு நான்தான் அவரைக் கேட்டனான். வேண்டாம், பிள்ளை நேற்று முழுக்கப் பெட்டி தூக்கினது, படுக்கட்டும் எண்டு அவர்தான் சொன்னவர்."

கத்தரின் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவளுக்குப் பாரம் இறங்கவில்லை. தகப்பன் தன்னைப் பற்றிப் பேசிய கடைசிப் பேச்சு அது என்று தெரிந்ததும் இன்னும் கூடியது. ஜெனாட் எழுந்து போய், ஒன்றும் தெரியாத யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிலோமினம்மா இருவரையும் அழ விட்டாள். பிறகு, "வாங்கோ, ஆறப்போகுது. சொன்னால் சொன்னதுதான்" என்று சோற்றை எடுத்து வாயில் வைத்தாள். சூடு அவள் கண்ணில் தெரிந்தது. பல்லைக் கடித்து விழுங்கினாள், அடுத்த வாயையும் எடுத்தாள். பந்தயத்துக்குத் தின்பவள் போல நிறுத்தாமல் நாலைந்து வாய் தின்றாள். ஜெனாட் வந்து கதிரையில் இருந்தான். அவர்களும் சாப்பிடத் தொடங்கினார்கள்.

பாதிக் கோப்பை முடிந்ததும் அவள் கை தயங்கியது.

"அங்க," என்றாள், தலையை நிமிர்த்தாமல். "அவரை வைச்சிருக்கிற இடத்தில. அங்க ஹீட்டர் போட்டிருப்பாங்களோ?"

ஜெனாட்டின் வாயில் சோறு அப்படியே நின்றது. பெட்டி கொண்டுபோன அன்றைக்கு அவனும் கத்தரினும் வாகனத்துக்குப் பின்னால் போய் அந்தக் கட்டடத்தைப் பார்த்தவர்கள். கல்லுச் சுவர், இரும்புக் கதவு, உள்ளே மரத்தட்டுகள். கதவைத் திறந்தபோது வெளியை விட உள்ளே குளிராக இருந்தது. அங்கே ஹீட்டர் இல்லை, இருக்கவும் கூடாது. சித்திரை மட்டும் மனிதரைப் பழுதில்லாமல் வைத்திருப்பதே அந்தக் குளிர்தான்.

"ஓம் அம்மா," என்றாள் கத்தரின். "இருக்கு. நான் பாத்தனான்."

"நல்லாச் சுடுமோ?"

"நல்லாச் சுடும்."

பிலோமினம்மா தலையாட்டினாள். கோப்பையை இழுத்து வைத்துக்கொண்டு மிச்சச் சோற்றையும் சாப்பிட்டாள்.